பிறர் பதிவேடுகளில் ஒரு கப்பல்

விசாகப்பட்டினம் துறைமுகத்திலிருந்து 1971 டிசம்பர் 3ஆம் தேதி நள்ளிரவை ஒட்டிப் புறப்பட்ட ஐ.என்.எஸ். ராஜ்புத்தைப் பற்றி நம் நாட்டில் நிறையவே எழுதியிருக்கிறார்கள். பாகிஸ்தானின் காஜி நீர்மூழ்கி மூழ்கிப்போன இரவு அது. ஆனால் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் ராஜ்புத்தின் முன்கதை ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: பழைய பிரிட்டிஷ் டெஸ்ட்ராயர் ராதர்ஹாம், இரண்டாம் உலகப் போரில் பணியாற்றியது, 1949இல் இந்தியாவுக்கு வந்தது. போரில் எங்கே பணியாற்றியது, யாரோடு போனது, எந்தக் கடலில் மிதந்தது என்று கேட்டால் அந்த வரிக்கு மேல் ஒன்றும் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளி என்னை விடவில்லை. இந்தியக் கொடி ஏறியபோது அந்தக் கப்பலுக்கு ஏழு வயது. அவற்றில் மூன்று வருடம் முழுப் போர். காஜியைத் தேடி வங்காள விரிகுடாவுக்குள் போன அந்தக் கப்பலுக்கு வங்காள விரிகுடா ஏற்கெனவே பழகிய கடலா, புதிய கடலா? இதை மட்டுமாவது ஆவணத்தை வைத்து நிறுவிவிட வேண்டும் என்றுதான் தேடத் தொடங்கினேன்.

பிறப்பு விவரங்களில் சிக்கல் இல்லை. ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் ஊரின் ஜான் பிரவுன் தளத்தில் கட்டப்பட்ட கப்பல் அது. குயின் மேரி, குயின் எலிசபெத் என்ற மாபெரும் பயணிகள் கப்பல்கள் உருவானதும் அங்கேதான். ராதர்ஹாமை 1942 மார்ச் 21 அன்று நீரில் இறக்கினார்கள். ஆகஸ்ட் இறுதியில் கடற்படையிடம் ஒப்படைத்தார்கள். 358 அடி நீளம், 40,000 குதிரைசக்தி டர்பைன்கள், மணிக்கு 36 கடல்மைல் வேகம். 4.7 அங்குல பீரங்கிகள் நான்கு, டார்பிடோ குழாய்கள் எட்டு. ஆங்கில ஆர் எழுத்தில் பெயர் தொடங்கும் எட்டுக் கப்பல்கள் கொண்ட வகுப்பில் இது தலைமைக் கப்பல். அணித்தலைவரான கேப்டனும் அவருடைய அலுவலர்களும் இதில்தான் இருப்பார்கள். அந்த வகுப்பில் ஒரு சிறிய மாற்றம் செய்யப்பட்டிருந்தது. அதற்கு முந்திய டெஸ்ட்ராயர்களில் அதிகாரிகளின் அறைகள் கப்பலின் பின்கோடியில் இருந்தன. கொந்தளிப்பான கடலில் திறந்த மேல்தளத்தைக் கடந்து முன்புறம் இருக்கும் பிரிட்ஜுக்குப் போவது உயிரைப் பணயம் வைக்கும் காரியம். ஆர் வகுப்பில் அந்த அறைகளை நடுப்பகுதிக்கு நகர்த்தினார்கள். கடலில் பட்ட அனுபவம் வரைபடத்தில் ஏறிய விதம் இது. கப்பல் வரலாற்றைத் தேடுகிறவர் இப்படிப்பட்ட விவரங்களில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அடுத்தது பெயர். இந்தக் கப்பலைப் பட்டியல்களில் தேடுகிறவர் ஒரு பெயரை வைத்துக்கொண்டு தேட முடியாது. 1949 வரை எச்.எம்.எஸ். ராதர்ஹாம். இந்தியாவிடம் வந்தபோது நாடு இன்னும் குடியரசாகவில்லை. நம் கடற்படையின் பெயர் அப்போதும் ராயல் இந்தியன் நேவிதான். ஆகவே அது முதலில் எச்.எம்.ஐ.எஸ். ராஜ்புத். 1950 ஜனவரி 26க்குப் பிறகுதான் ஐ.என்.எஸ். ராஜ்புத். ஒரு வருடத்துக்குள் மூன்று முன்னொட்டுகள், இரண்டு பெயர்கள். போதாக்குறைக்கு, சோவியத் யூனியனில் கட்டப்பட்டு 1980இல் நம் கடற்படையில் சேர்ந்த இன்னொரு ராஜ்புத் இருக்கிறது. 2021இல் ஓய்வு பெற்ற அந்தக் கப்பலின் புகைப்படங்களும் செய்திகளும் பழைய ராஜ்புத்தை முழுக்க மூடிவிடுகின்றன.

சரி, பெயரை விட்டு எண்ணைப் பிடிப்போம் என்றால், அதுவும் கைகொடுக்கவில்லை. ராதர்ஹாமின் பக்கவாட்டில் எழுதியிருந்த அடையாள எண் எச்09. 1940 ஜூனில் நார்வேக்கு அப்பால், குளோரியஸ் என்ற விமானந்தாங்கியைக் காக்கப் போய் ஜெர்மன் போர்க்கப்பல்களால் மூழ்கடிக்கப்பட்ட அகாஸ்டா என்ற டெஸ்ட்ராயரின் எண்ணும் இதேதான். மூழ்கிய கப்பலின் எண்ணைப் புதிய கப்பலுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு படத்தில் எச்09 தெரிந்தால் எடுத்த வருடத்தைப் பார்க்காமல் எதையும் சொல்லக் கூடாது. போர்க்காலப் படங்களில் தணிக்கை அதிகாரிகள் ராடார் ஆண்டெனாக்களைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள் என்பதால், படத்தை மட்டும் வைத்துக் கப்பலின் காலத்தைக் கணிப்பதும் ஆபத்து.

லண்டனின் மேற்கே கியூவில் இருக்கும் பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் கடற்படையின் கோப்புகளுக்கு ஏடிஎம் என்ற தலைப்பெழுத்து. அதில் ஏடிஎம் 53 என்பது கப்பல்களின் லாக் புத்தகங்கள். மணிக்கு மணி எந்தத் திசை, என்ன வேகம், காற்று எப்படி, பாரோமீட்டர் என்ன சொன்னது, யார் வந்து சேர்ந்தார்கள், யார் பிரிந்து போனார்கள் எல்லாம் அதில் இருக்கும். கப்பல் வரலாறு எழுதுகிறவர் முதலில் கேட்பது அந்தத் தொகுதியைத்தான். ஆனால் இரண்டாம் உலகப் போரைப் பொறுத்தவரை போர்க்கப்பல்கள், விமானந்தாங்கிகள், குரூசர்கள் ஆகியவற்றின் லாக்குகளைக் காப்பாற்றிய நிர்வாகம், டெஸ்ட்ராயர்களும் அதற்குக் கீழான கப்பல்களும் எழுதியவற்றைப் பெரும்பாலும் கழித்துவிட்டது. போரில் நூற்றுக்கணக்கான சிறு கப்பல்கள் ஓடின. எல்லாவற்றின் புத்தகங்களையும் வைக்க இடம் ஏது என்று யாரோ ஒரு மேசையில் முடிவெடுத்திருக்கிறார்கள். கடலில் அதிக தூரம் ஓடியவை, அதிக ஆட்களை இழந்தவை அந்தச் சிறு கப்பல்கள்தான். அவற்றின் குரலைத்தான் முதலில் கழித்தார்கள் என்பதை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

ஆகவே வழியை மாற்ற வேண்டியிருந்தது. டெஸ்ட்ராயர் தனியாக அலைவது அபூர்வம். ஏதோ ஒரு பெரிய கப்பலைச் சுற்றிக் காவலாக ஓடுவதுதான் அதன் அன்றாட வேலை. எந்தப் பெரிய கப்பலைச் சுற்றி ஓடியது என்று தெரிந்துவிட்டால், அந்தப் பெரிய கப்பலின் லாக்கில் இதன் தடம் இருக்கும். அதைத் தெரிந்துகொள்ள ஏடிஎம் 187 உதவுகிறது. இளஞ்சிவப்புத் தாளில் அச்சிட்டதால் பிங்க் லிஸ்ட் என்று பெயர் பெற்ற பட்டியல்கள் அவை. சில நாட்களுக்கு ஒரு முறை, எந்தக் கப்பல் எந்தத் தளபதியின் கீழ், எந்தத் துறைமுகத்தில், பழுதுபார்ப்பில் இருக்கிறதா, கடலில் இருக்கிறதா என்று பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமான அட்மிரால்டி தனக்குத்தானே எழுதி வைத்துக்கொண்ட குறிப்பு. கதை எதுவும் கிடையாது. பெயரும் இடமும் மட்டும். அந்த வறண்ட பட்டியல்களைத் தேதி வாரியாகப் பார்த்துப் போகும்போது ராதர்ஹாம் 11ஆவது டெஸ்ட்ராயர் அணியின் தலைமைக் கப்பலாகப் பிரிட்டனின் கீழைக் கடற்படையில் நிலைகொள்வது தெரிகிறது.

இங்கே ஒரு பொறி உண்டு. 1944 நவம்பர் 22 அன்று அந்தக் கடற்படையை இரண்டாகப் பிரித்தார்கள். பெரிய கப்பல்கள் பசிபிக்குக்குப் போகும் புதிய படையில் சேர்ந்தன. இந்தியப் பெருங்கடலில் மிஞ்சியதற்குக் கிழக்கிந்தியக் கடற்படை என்று பெயர் வைத்தார்கள். கீழைக் கடற்படை என்ற தலைப்பில் தேடுகிறவருக்கு ராதர்ஹாம் அந்த நவம்பரோடு மறைந்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் அது இருந்த இடத்திலேயே இருந்தது. மாறியது கோப்பின் தலைப்பு.

இருந்த இடம் திருகோணமலை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கி, மட்டக்களப்புக்கு அப்பால் ஹெர்மீஸ் விமானந்தாங்கியை மூழ்கடித்த பிறகு, பிரிட்டிஷ் படை கிழக்கு ஆப்பிரிக்காவின் கிலிண்டினிக்குப் பின்வாங்கியது. 1944 தொடக்கத்தில்தான் முழு பலத்தோடு இலங்கைக்குத் திரும்பியது. குயின் எலிசபெத், வேலியன்ட், ரினௌன், இல்லஸ்ட்ரியஸ் என்ற கப்பல்கள் எல்லாம் அந்த வருடம் திருகோணமலை உள்துறைமுகத்தில் நங்கூரமிட்டவை. மார்ச் இறுதியில் அமெரிக்காவின் சரடோகாவும் மூன்று டெஸ்ட்ராயர்களோடு வந்து சேர்ந்தது. பிரெஞ்சுப் போர்க்கப்பல் ரிஷ்லியூவும் டச்சு, ஆஸ்திரேலிய, நியூசிலாந்துக் கப்பல்களும் உடன் நின்றன.

ஏப்ரல் 16 அன்று அந்தப் படை புறப்பட்டது. காக்பிட் என்று பெயரிட்ட நடவடிக்கை. இலக்கு சுமத்ராவின் வடமுனையை அடுத்த சபாங். ஜப்பானியர் வசம் இருந்த அந்தத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகளும் விமானத் தளமும் இருந்தன. மலாக்கா நீரிணைக்குள் போகிறவர்களுக்கு அது வாசற்படி. 19ஆம் தேதி விடியும் நேரத்தில் இல்லஸ்ட்ரியஸ், சரடோகா என்ற இரண்டு விமானந்தாங்கிகளிலிருந்தும் 46 குண்டுவீச்சு விமானங்களும் 37 சண்டை விமானங்களும் எழும்பின. தாக்குதலைச் சபாங் எதிர்பார்க்கவில்லை. நான்கு எண்ணெய்த் தொட்டிகளில் மூன்று பற்றி எரிந்தன. சுட்டு வீழ்த்தப்பட்ட ஒரே ஒரு அமெரிக்க விமானத்தின் விமானியை டாக்டிஷியன் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கி கரைப் பீரங்கிகளின் சூட்டுக்கு நடுவே மேலே வந்து தூக்கிக்கொண்டது. திரும்பும் வழியில் டார்பிடோவோடு நெருங்கிய மூன்று ஜப்பானிய விமானங்களைச் சண்டை விமானங்கள் வீழ்த்தின. 21ஆம் தேதி படை திருகோணமலைக்குத் திரும்பிவிட்டது.

ராதர்ஹாம் இந்தப் படையின் காவல் வளையத்தில் இருந்தது. அது ஒரு குண்டு சுட்டதாக எங்கும் இல்லை. ஆனால் ஐந்து நாள் அந்தக் கடலில் அதன் வேலை என்ன என்பதைப் பெரிய கப்பல்களின் லாக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் புரியும். நீர்மூழ்கிக்கு அஞ்சிப் படை முழுவதும் நேராகப் போகாமல் வளைந்து வளைந்து போகும். பெரிய கப்பல் பத்து டிகிரி திரும்பினால், வெளிவளையத்தில் ஓடும் டெஸ்ட்ராயர் தன் இடத்தைப் பிடிக்க வேகத்தைக் கூட்டி அதிக தூரம் ஓட வேண்டும். இரவிலும் அப்படியே, விளக்கு இல்லாமல். ராதர்ஹாமில் அணித்தலைவரே இருந்ததால் மற்ற டெஸ்ட்ராயர்களின் இடத்தையும் அங்கிருந்தே கவனிக்க வேண்டும். பெரிய கப்பலின் லாக்கில் ‘வளைந்து செல்லத் தொடங்கினோம்’ என்ற ஒரு குறிப்பு, இந்தக் கப்பலின் எஞ்சின் அறையில் ஒரு முழு இரவின் உழைப்பு.

தேதிகளைச் சரிபார்க்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். போர்க்காலத்தில் இலங்கை தன் கடிகாரத்தை ஜி.எம்.டி.யிலிருந்து ஆறரை மணி நேரம் முன்னே வைத்திருந்தது. லாக் புத்தகம் கப்பல் இருக்கும் இடத்தின் நேரத்தில் எழுதப்படும். கம்பியில்லாத் தந்தியில் போன செய்திகளில் ஜி.எம்.டி. இருக்கும். திருகோணமலை நேரப்படி 19ஆம் தேதி அதிகாலை ஐந்தரை மணி, தந்தித் தாளில் 18ஆம் தேதி இரவு 11 மணியாகிவிடும். ஒரே நிகழ்ச்சி இரண்டு வெவ்வேறு நாட்களில் நடந்ததாக நூல்களில் வந்திருப்பதற்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

அந்த வருடம் ஜூலை 25 அன்று மறுபடியும் சபாங். இம்முறை கிரிம்சன் என்று பெயர். போர்க்கப்பல்களே கரையை நெருங்கிப் பீரங்கியால் தாக்கின. ராதர்ஹாமும் அந்தப் படையில் இருந்தது. இடையில் ஜூன் மாதம் அதே கடற்படையின் ஒரு பிரிவு போர்ட் பிளேரைத் தாக்கியது. அந்தமானை அப்போது ஜப்பானியர் பிடித்து வைத்திருந்தார்கள். ஆக 1944இல் இந்தக் கப்பல் வாழ்ந்த கடல் எது என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது: இலங்கையின் கிழக்குக் கரை, அந்தமான், நிக்கோபார், சுமத்ரா முனை. வங்காள விரிகுடாவும் அதன் கீழ்வாசலும்.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. ஆர் வகுப்புக் கப்பல்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. பெயர்களும் ஒரே எழுத்தில் தொடங்குகின்றன. ஒன்றின் சாதனையை இன்னொன்றின் கணக்கில் எழுதுவது மிக எளிது. 1944 பிப்ரவரியில் ஷார்லட் ஷ்லீமன் என்ற ஜெர்மன் எண்ணெய்க் கப்பலை இந்தியப் பெருங்கடலில் மூழ்கடித்தது ரிலென்ட்லெஸ். மார்ச்சில் பிராக்கே என்ற மற்றொன்றை மூழ்கடித்தது ரோபக். அந்த இரண்டும் ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு நடுக்கடலில் எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தவை. அவற்றின் இழப்பு நீர்மூழ்கிகளின் அலைச்சலையே சுருக்கியது. 1945 ஏப்ரல் இறுதியில், ரங்கூனிலிருந்து தப்பியோடிய ஜப்பானியப் படகுகளை மார்தபான் வளைகுடாவில் மூழ்கடித்தவை ரோபக், ரேஸ்ஹார்ஸ், ரிடௌட். கடைசியாகச் சொன்ன ரிடௌட்தான் பின்னாளில் நம் ஐ.என்.எஸ். ரஞ்சித் ஆனது. அந்தப் பெருமை ரஞ்சித்துக்கு உரியது. ராஜ்புத்தின் புகழைக் கூட்ட அதை இரவல் வாங்க வேண்டியதில்லை.

ராதர்ஹாமின் பெயர் அதன் சொந்தக் கணக்கில் ஏறிய இடம் சிங்கப்பூர். 1945 செப்டம்பர் தொடக்கத்தில் பிரிட்டிஷ் கப்பல்கள் அங்கே திரும்பின. 4ஆம் தேதி சசெக்ஸ் என்ற குரூசரில் ஜெனரல் இடாகாகியும் வைஸ் அட்மிரல் ஃபுகுடோமேயும் வந்து முதல் சரணடைவில் கையெழுத்திட்டார்கள். 12ஆம் தேதி நகராட்சிக் கட்டடத்தில் மவுன்ட்பேட்டன் முன்னிலையில் பெரிய விழா. வரலாற்று நூல்கள் இந்த இரண்டையும்தான் சொல்லும். தீவின் வடக்கே செம்பவாங்கில் இருந்த கடற்படைத் தளத்தின் சரணடைவைத் தனியாக ஏற்றுக்கொண்டவர் ராதர்ஹாமின் கேப்டன் ஹிலாரி பிக்ஸ். நாளிதழில் இதைத் தேடினால் ஒரு தடை இருக்கிறது: ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் மறுபடி வெளிவரத் தொடங்கியதே செப்டம்பர் 7 அன்றுதான். கப்பல்கள் நுழைந்த முதல் நாட்கள் அதன் பக்கங்களில் இல்லை.

இந்த நிகழ்ச்சிக்கான சாட்சி காகிதத்தில் மட்டும் இருக்கவில்லை. அந்தத் தளத்தின் வாயில் ஒன்றுக்கு ராதர்ஹாம் கேட் என்று பெயர் வைத்தார்கள். ஒரு டெஸ்ட்ராயரின் பெயர், எழுபதுகள்வரை பிரிட்டிஷார் நடத்திய ஒரு பெரும் தளத்தின் அன்றாடப் பேச்சில் கலந்துவிட்டது. அந்தத் தளத்தில் தமிழர்களும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் வேலை பார்த்தார்கள். கப்பல் பழுதுபார்க்கும் தொழிலாளர்கள், எழுத்தர்கள், கிடங்குக் காவலர்கள். செம்பவாங்கில் ஒரு மரத்தடியில் முருகனுக்குக் கோயில் எழுப்பிய கூட்டமும் அதுவே. அந்தத் தலைமுறையிடம் ராதர்ஹாம் என்ற பெயரைச் சொன்னால் வாயிலைத்தான் நினைப்பார்கள். அந்தப் பெயருக்குரிய கப்பல் அப்போது இந்தியாவிடம், வேறு பெயரில், சென்னைக்கும் விசாகப்பட்டினத்துக்கும் வந்துபோய்க்கொண்டிருந்தது என்பதை அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிக்ஸ் அட்மிரலாக உயர்ந்து 1956இல் கிழக்கிந்திய நிலையத்தின் தளபதியாகத் திருகோணமலைக்கு வந்தார். அவர் பதவியில் இருந்தபோதுதான் 1957இல் அந்தத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்தார்கள்.

இந்தியாவுக்கு மாறிய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1948இல் அகில்லிஸ் என்ற குரூசர் வந்து டெல்லி ஆனது. 1949இல் ராதர்ஹாம், ரிடௌட், ரெய்டர் மூன்றும் பழுதுபார்த்து ஒப்படைக்கப்பட்டு முறையே ராஜ்புத், ரஞ்சித், ராணா ஆயின. அப்போது நம் கடற்படைக்குத் தலைமை வகித்த வைஸ் அட்மிரல் எட்வர்ட் பாரி, 1939இல் பிளேட் நதிச் சண்டையில் அதே அகில்லிஸின் கேப்டனாக இருந்தவர். கப்பலும் அதன் பழைய தலைவரும் வெவ்வேறு வழியில் வந்து இந்தியாவில் சந்தித்தார்கள்.

1971க்கு வருவோம். இந்தத் தேடலில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

கிழக்குக் கடற்படைத் தளபதி வைஸ் அட்மிரல் என். கிருஷ்ணன் நாகர்கோவிலில் பிறந்தவர். அவரிடம் இருந்த ஒரே விமானந்தாங்கி விக்ராந்த். அதன் கொதிகலன்களில் விரிசல், வேகம் குறைவு. அதைக் குறிவைத்து நவம்பர் 14 அன்று கராச்சியிலிருந்து காஜி புறப்பட்டது. அமெரிக்காவின் டயாப்ளோ என்ற நீர்மூழ்கியைக் குத்தகைக்கு வாங்கிப் பெயர் மாற்றியதுதான் காஜி. அந்தக் கடலில் எதிரெதிரே நின்ற காஜி, ராஜ்புத் இரண்டுமே கைமாறி வந்த கப்பல்கள். நவம்பர் 23 வாக்கில் காஜி சென்னைக்கு அப்பால் விக்ராந்தைத் தேடியது. விக்ராந்த் அதற்குள் அந்தமானில் ஒதுங்கிவிட்டது.

கிருஷ்ணன் போட்ட திட்டத்தை அவரே ‘நோ வே பட் சரண்டர்’ என்ற நூலில் எழுதியிருக்கிறார். படையிலிருந்து விலக்கும் வயதை எட்டியிருந்த ராஜ்புத்தைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்தைப் போலக் கம்பியில்லாத் தந்தியில் பேசச் செய்தார். விமானந்தாங்கி ஒன்று கடலில் இருந்தால் எவ்வளவு செய்திப் போக்குவரத்து இருக்குமோ அவ்வளவையும் ராஜ்புத் உண்டாக்கியது. விக்ராந்தில் இருக்கும் மாலுமி ஒருவர் தன் தாயின் உடல்நிலையை விசாரிப்பது போன்ற வெளிப்படையான தந்தி ஒன்றும் போனது. விசாகப்பட்டினம் சந்தையில் பெரும் படைக்குத் தேவையான அளவு இறைச்சியும் காய்கறியும் வாங்கச் சொன்னார்கள், ஒற்றர் காதில் விழட்டும் என்று. விக்ராந்த் வருகிறது, கரையோரம் கட்ட இடம் ஒதுக்குங்கள் என்று சென்னைக்குச் சொன்னார்கள். சென்னைத் துறைமுகத்தில் அவ்வளவு பெரிய போர்க்கப்பல் வெளியே நங்கூரமிடுவதே வழக்கம் என்பதால் அந்தச் செய்தியே ஊரில் பேச்சாகும் என்று கணக்குப் போட்டார்கள்.

இதன் பொருளை ஆவணத்தின் பக்கத்திலிருந்து பாருங்கள். 1944இல் பெரிய கப்பல்களைச் சுற்றிக் காவல் ஓடியதால் ராதர்ஹாமின் தடம் அவற்றின் லாக்குகளில் கிடைத்தது. 1971இல் அதே கப்பல் பெரிய கப்பலின் பெயரிலேயே பேசியது. அந்த நவம்பரில் விக்ராந்த் அனுப்பியதாக யாருடைய ஒட்டுக்கேட்புக் குறிப்பில் இருந்தாலும், அதில் ஒரு பகுதி ராஜ்புத்தின் குரல். இருபத்தொன்பது வயதான கப்பல், இளமையில் எதைக் காத்ததோ அதுவாகவே நடித்தது. போர்க்காலத் திருகோணமலையில் விமானந்தாங்கிகளோடு ஓடிய வரலாறு தெரியாவிட்டால் இந்தப் பொருத்தம் யாருக்கும் தெரியாமல் போகும்.

டிசம்பர் 3 இரவு. மேற்கே போர் தொடங்கிவிட்டது. லெப்டினன்ட் கமாண்டர் இந்தர் சிங் தலைமையில் ராஜ்புத், துறைமுக வழிகாட்டியான பைலட்டோடு துறைமுகத்தை விட்டு வெளியேறியது. வழிகாட்டும் விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. கிருஷ்ணனின் விவரிப்புப்படி, நீர்மூழ்கி வாசலிலேயே காத்திருக்கக்கூடும் என்ற எண்ணம் கேப்டனுக்கு இருந்தது. வெளிக் கால்வாய் மிதவையருகே பைலட்டை இறக்கியதும் முழு வேகம் எடுத்தார். சற்று நேரத்தில் வலப்புறக் காவல் மாலுமி நீர்ப்பரப்பில் கலக்கத்தைக் கண்டு சொன்னார். கப்பல் அங்கே பாய்ந்தது. இரண்டு நீரடிக் குண்டுகளைப் போட்டது. சில நிமிடங்களில் பெரும் வெடிப்பு. பிரதமர் இந்திரா காந்தியின் வானொலி உரைக்காக விழித்திருந்த நகரம் அந்த அதிர்ச்சியை 12.15 வாக்கில் உணர்ந்தது. மறுநாள் மீனவர்கள் மிதவைப் பொருட்களைக் கொண்டுவந்தார்கள். காஜியில் இருந்த 90க்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

இந்தியத் தரப்பு இது ராஜ்புத்தின் வெற்றி என்றது. காஜி விதைத்துக்கொண்டிருந்த கண்ணிவெடியே அதை அழித்தது என்பது பாகிஸ்தான் சொல்வது. கிழக்குப் படைத் தலைமையகத்தில் பணியாற்றிய ஜெனரல் ஜே.எஃப்.ஆர். ஜேக்கப், போர் முறையாகத் தொடங்கும் முன்பே சிதைவுகள் கிடைத்ததாகக் கிருஷ்ணன் தன்னிடம் சொன்னார் என்று பின்னாளில் எழுதினார். மூன்றும் மூன்று வெவ்வேறு நேரங்களைக் கேட்கின்றன. ஆகவே இது நேரத்தைப் பற்றிய வழக்கு. அதற்கு முதல் சாட்சியாக இருந்திருக்க வேண்டிய கோப்புகள் அழிக்கப்பட்டுவிட்டன என்று 2010இல் நாளேடுகள் எழுதின. கிளைட்பேங்கில் பிறந்த கப்பலின் போர்க்காலக் குறிப்புகள் பிரிட்டனில் போயின. அதன் கடைசிப் போரின் குறிப்புகள் இங்கே போயின. கப்பலும் 1976இல் உடைக்கப்பட்டது.

நான் ராஜ்புத்தின் பெருமையைக் குறைக்கவும் வரவில்லை, கூட்டவும் வரவில்லை. காஜியை எது மூழ்கடித்திருந்தாலும், விக்ராந்தைக் காப்பாற்றிய வேலை நவம்பர் மாதத்திலேயே முடிந்துவிட்டது என்றே கருதுகிறேன். இரண்டு நீரடிக் குண்டுகளைவிட அந்தப் பொய்த் தந்திகள் கனமானவை. ஆனாலும் அந்த இரவின் நேரக் கணக்கு நிறுவப்பட வேண்டும். இறந்தவர்களுக்கும் இறங்கிப் போனவர்களுக்கும் அது நாம் பட்ட கடன்.

1944இல் உதவிய வழியே இங்கேயும் உதவக்கூடும். கப்பலின் சொந்த லாக் இல்லையென்றால் சுற்றியிருந்தவர்களுடையதைத் தேட வேண்டும். 25 ஆண்டுகளுக்கு மேற்பட்ட போர் ஆவணங்களை வல்லுநர்கள் மதிப்பிட்டுத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் கொள்கை அறிவித்தது; கிழக்குக் கடற்படையின் செய்திப் பதிவேடுகளில் மிஞ்சியவை அதன் கீழ் வரும். இன்னொன்று கடற்படையின் கையில் இல்லாதது. துறைமுகத்தில் பைலட் எந்தக் கப்பலில் எப்போது ஏறினார், எப்போது இறங்கினார் என்று குறித்து வைப்பது வழக்கம். ராஜ்புத்திலிருந்து அன்றிரவு பைலட் இறங்கிய நிமிடம் ஏதாவது ஒரு பதிவேட்டில் இருந்தால், அங்கிருந்து முழு வேகத்தில் எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று கணக்கிட்டு, இரண்டு குண்டுகள் 12.15க்கு முன்னா பின்னா விழுந்தன என்று சொல்லிவிடலாம். 1971ஆம் வருடத்து விசாகப்பட்டினம் துறைமுகத்தின் பைலட் பதிவேட்டையோ, சிக்னல் நிலையத்தின் குறிப்பேட்டையோ, ராஜ்புத்தின் எஞ்சின் அறை ரிஜிஸ்தரையோ பார்த்தவர்கள், வீட்டுப் பெட்டியில் வைத்திருப்பவர்கள் இருந்தால், டிசம்பர் 3, 4 தேதியிட்ட பக்கங்களைப் படம் எடுத்து வையுங்கள். நான் அடுத்துத் தேடப்போவது அந்தப் பக்கங்களைத்தான்.